“திருப்பி விட்டுடலாமா?” – வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பத்து வயதுச் சிறுமி

கேள்வி: எங்களுக்கு 13 வயதில் ஒரே மகன். ஐந்து மாதத்துக்கு முன்பு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி பத்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல், குறித்த காலத்துக்கு வீட்டில் வைத்து வளர்ப்பது) ஏற்றுக்கொண்டோம். எங்களிடம் வருமுன் இரண்டு குழந்தைகள் இல்லங்களிலும் ஒரு குடும்பத்திலும் இருந்திருக்கிறாள். முதல் ஒரு மாதம் தங்கமான பிள்ளை. அதன்பின் எல்லாம் தலைகீழ். எதற்கெடுத்தாலும் பொய். என் கணவரின் சட்டைப் பையிலிருந்து 50 ரூபாய் எடுத்தாள். தலையணை உறைக்குள் இட்லியைச் சுற்றி வைத்திருந்தாள், எறும்பு மொய்த்த பிறகுதான் தெரிந்தது. வாரத்தில் நான்கு நாள் படுக்கையை நனைக்கிறாள். மாதம் ஒரு முறை அவள் அம்மா வந்து பார்க்கிறார். அதன்பின் மூன்று நாள் வீடே ரணகளம். தம்பி ஒருவன் இருக்கிறான், ஏழு வயது, வேறு மாவட்டத்தில் ஒரு இல்லத்தில். “யாரோ பெத்தது, நமக்கு ஏன் இந்த வம்பு, ஹோமுக்கே அனுப்பிடு” என்று மாமியார் தினமும் சொல்கிறார். போன வாரம் என் கணவர் கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். திருப்பி விட்டுவிடலாமா? இல்லை, தத்தெடுத்துவிட்டால் ‘இதுதான் நம் வீடு’ என்று அடங்கிவிடுவாளா? — பெயர் வேண்டாம், மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. தத்தெடுக்க இப்போது வழியில்லை. அம்மா இருக்கிறார், மாதாமாதம் வந்து பார்க்கிறார், பிள்ளையை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுக்கவில்லை. சட்டப்படி தத்துக்கு உரியவள் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்தால்தான் அந்தப் பேச்சே எழும். வளர்ப்புக் குடும்பமே தத்தெடுக்க முன்பு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்; இப்போது அது இரண்டு வருடம். இந்தச் சலுகையும் தத்துக்கு உரியவர்களாக அறிவிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். தவிர, தத்துப் பத்திரம் வந்தால் பிள்ளை அடங்கிவிடுவாள் என்பது பெரியவர்களின் கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்திரம் தெரியாது. நாளைக்கும் இதே வீட்டில் சோறா என்பதுதான் தெரியும்.

முதல் கேள்விக்கு இன்றைய தேதியில் என் பதில்: திருப்பி விட வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதில் பாதிகூட மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு (இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) தெரியாது என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே புரிகிறது. செய்து பார்க்க வேண்டியவை இன்னும் செய்யப்படவே இல்லை.

அவள் பக்கத்திலிருந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அம்மா வீடு, இரண்டு இல்லங்கள், ஒரு குடும்பம், பிறகு நீங்கள். உங்களுடையது அவளுக்கு ஐந்தாவது கூரை. முதல் மாதம் விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்திருப்பாள்: சொன்னதைச் செய்வது, தட்டில் போட்டதைச் சாப்பிடுவது. இடம் கொஞ்சம் பழகியதும் உள்ளே இருப்பது வெளியே வரும். இதற்கு முன் நான்கு இடமும் ஒரு நாள் முடிந்துபோயின. இதுவும் முடியத்தான் போகிறது என்றால் எப்போது, எதனால் என்று தானே தெரிந்துகொள்ளப் பார்ப்பாள். வளர்ப்புப் பராமரிப்பில் முதல் ஆறு மாதம்தான் அதிகம் முறியும் காலம் என்பதற்கு இது ஒரு காரணம். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள்.

பிள்ளையின் நடத்தை கெட்டதால் இடம் மாற்றுகிறார்களா, இடம் மாற்றுவதால் நடத்தை கெடுகிறதா என்று கேட்டால், இரண்டும் நடக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. வரும்போது பெரிய தொந்தரவு இல்லாத பிள்ளைகளும், நிலையான இடம் அமையாமல் போனால் பதினெட்டு மாதத்தில் அதிகத் தொந்தரவு உள்ளவர்களாக ஆனார்கள். ஆறாவது கூரைக்குப் போகும் பிள்ளை உங்களிடம் வந்த பிள்ளையாக இருக்க மாட்டாள். அங்கே இன்னும் கடினமாக இருப்பாள். அனுப்புவது பற்றி முடிவெடுக்குமுன் இந்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பிள்ளையைப் பற்றிய ஆய்வறிக்கை, அதாவது படிவம் 31, முழுதாக உங்களுக்குப் படிக்கக் கிடைத்ததா? முந்தைய குடும்பத்தில் எத்தனை மாதம் இருந்தாள், எந்தக் காரணத்துக்காக அது முடிந்தது என்று அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள். அங்கே ஏழாவது மாதத்தில் முடிந்திருந்தால், உங்கள் வீட்டிலும் ஆறு, ஏழு மாதம் நெருங்க நெருங்க மோசமாவாள். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு மாதத்தைக் கடந்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் அதே மாதத்தில் அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவனுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அதுதான் மொத்தக் கடிதத்திலும் பெரிய வரியாகத் தெரிகிறது. பத்து வயது அக்கா, ஏழு வயது தம்பி. வீட்டில் நிலைமை சரியில்லாத பிள்ளைகளில் மூத்தது பெண்ணாக இருந்தால் தம்பியை அவள்தான் வளர்த்திருப்பாள். சோறு ஊட்டியது, கால் கழுவிவிட்டது, அப்பா கத்தும்போது காதைப் பொத்தியது எல்லாம். இல்லங்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத் தனி, பெண் பிள்ளைகளுக்குத் தனி என்பதால் முதல் நாளே பிரிந்திருப்பார்கள். அவன் என்ன சாப்பிடுகிறான், யாராவது அடிக்கிறார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் மட்டும் உங்கள் வீட்டில் மூன்று வேளை சூடாகச் சாப்பிடுகிறாள்.

தலையணைக்குள் இட்லி எந்த நாளில் கிடைத்தது? காலண்டரை எடுத்துப் பாருங்கள். அம்மா வரும் நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளாக இருந்தால், அது அவளுக்கான இட்லியாக இல்லாமலும் இருக்கலாம். அம்மா தம்பியைப் போய்ப் பார்ப்பார், கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கலாம். ஐம்பது ரூபாயும் அப்படித்தானா என்று தெரியவில்லை. விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போதோ தலை வாரும்போதோ, முகத்தைப் பார்க்காமல், “தம்பிக்கு என்ன பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைக்கே பதில் வராது. நாலைந்து நாள் கழித்து எதற்கோ நடுவில் வரும்.

சட்டம் இதில் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆம் பிரிவு, உடன்பிறந்தவர்களை ஒரே குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. பிரித்து வைப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்றால் மட்டுமே விலக்கு. குழுவுக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் தம்பியுடன் போன் பேச்சு, முடிந்தால் வீடியோவில்; இதற்குத் தம்பி இருக்கும் மாவட்டத்தின் குழுவுக்கு உங்கள் குழு ஒரு கடிதம் எழுதினால் போதும். இரண்டு, மாதம் ஒரு நேர் சந்திப்பு. மூன்று, அவனை உங்கள் மாவட்டத்து இல்லத்துக்கு மாற்றவோ, இருவரையும் ஒரே குடும்பத்தில் வைக்கவோ முடியுமா என்று பரிசீலனை. அந்தக் குடும்பம் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களால் முடியாவிட்டால் முடியாது என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். மழுப்பி வைத்தால் பிள்ளைக்கு ஆசை காட்டி ஏமாற்றியதாகிவிடும். குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்பது சட்டம், எனவே மனுவை ஏற்புக் கையெழுத்துடன் கொடுத்துவிட்டு அடுத்த அமர்வு எப்போது என்று அங்கேயே கேட்டு வாருங்கள்.

சாப்பாட்டைப் பதுக்குவதற்கு வருவோம். தம்பிக்காக என்றாலும், தனக்காக என்றாலும், வைத்தியம் ஒன்றுதான். ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி அவள் பெயர் எழுதுங்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். வறுகடலை, கடலை மிட்டாய், முறுக்கு, பிஸ்கட் பாக்கெட் போல நான்கு நாளுக்குக் கெடாத எதுவும் போடலாம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். தினமும் காலையில் அவள் பார்க்க அதை நிரப்புங்கள். முதல் வாரம் டப்பா ஒரே நாளில் காலியாகும். மாமியார் சொல்வார், “இப்படிக் கொட்டினா எப்படி?” என்று. நிரப்பிக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் காலியாகும் வேகம் குறையும். இட்லியோ சோறோ மறுபடி கிடைத்தால் திட்டாமல், காட்டிக் கேவலப்படுத்தாமல், “இது கெட்டுப்போகும்டா, டப்பாவில் இருக்கிறதை வெச்சுக்கோ” என்று மாற்றிவிடுங்கள். எங்கே தவறுவார்கள் தெரியுமா? தப்பு செய்த நாளில் தண்டனையாக டப்பாவை எடுத்து வைத்துவிடுவார்கள். அதோடு மூன்று வார உழைப்பும் போய்விடும். சாப்பாட்டைத் தண்டனையாகவோ பரிசாகவோ எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

படுக்கை நனைவதற்கு முதலில் டாக்டர். பத்து வயதுப் பிள்ளைகளில் இருபதில் ஒன்று இரவில் நனைக்கிறது, இது அபூர்வமில்லை. முதல் மாதத்தில் நனைக்காமல் இருந்து பிறகு ஆரம்பித்தாளா, முதல் நாளிலிருந்தே மறைத்துக்கொண்டிருந்தாளா என்று யோசியுங்கள். நடுவில் ஆரம்பித்தது என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ரத்தச் சர்க்கரை, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் முடியும். மலச்சிக்கலை யாரும் கேட்பதில்லை. தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் நனைக்கும் பிள்ளைகள் நிறைய.

வீட்டில் செய்ய வேண்டியது: தண்ணீரை நிறுத்தாதீர்கள். பகலில் பள்ளியிலேயே அதிகம் குடிக்க வைத்து, மாலை ஏழு மணிக்கு மேல் குறையுங்கள். இரவில் டீ, காப்பி வேண்டாம். படுக்குமுன் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கழிப்பறை. போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் புது வீட்டில் எழுந்து போகப் பயந்தே நனைக்கும் பிள்ளைகள் உண்டு. மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து, அதன்மேல் போர்வை. மாற்றுத் துணி ஒரு செட் கட்டிலுக்குக் கீழே, ஒரு மூடி போட்ட வாளி பக்கத்தில். நனைந்தால் யாரையும் எழுப்பாமல் அவளே மாற்றி வாளியில் போட்டுவிடட்டும். காலையில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், உங்கள் மகன் முன் நிச்சயம் வேண்டாம். நள்ளிரவில் தூக்கத்தோடு இழுத்துக்கொண்டு போவது பலன் தருவதில்லை. பிள்ளை விழிக்காமலே போவதால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் குறையவில்லை என்றால் மருந்து வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இதில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. நடுவில் ஆரம்பித்த படுக்கை நனைத்தல், சிறுநீர் போகும்போது வலி, குளிக்க உடை மாற்ற அளவு மீறிய பயம், வயதுக்கு மீறிய பேச்சு ஆகியவை சேர்ந்து இருந்தால், முன்பிருந்த இடத்திலோ இப்போதோ யாரோ தவறாக நடந்திருக்கலாம். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது” என்று சொல்லுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீஸுக்கோ அன்றே சொல்ல வேண்டும்.

பணம், பொய் இரண்டுக்கும் நீளமாக எழுத ஒன்றுமில்லை. சட்டையை ஆணியில் பணத்தோடு மாட்டாதீர்கள். வாரம் இருபது ரூபாய் அவளுக்கென்று கொடுங்கள், உங்கள் மகனுக்குக் கொடுக்கும் அதே நாளில். பதில் உங்களுக்கே தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பொய்யைப் பிடிக்காதீர்கள், “நீயா எடுத்தே?” என்றால் இல்லை என்றுதான் வரும். “ஐம்பது ரூபாய் நீ எடுத்தது தெரியும், வாரக் காசிலிருந்து பத்து பத்தாகத் திருப்பிக் கொடு” என்று சொல்லி விஷயத்தை முடியுங்கள்.

அம்மா வந்து போன பிறகு மூன்று நாள் ரணகளம் என்கிறீர்கள். இந்த இடத்தில் பல குடும்பங்கள் ‘வருவதை நிறுத்துங்கள்’ என்று மனுக் கொடுக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெற்றோர் வந்து பார்க்கலாம் என்பது சட்டம். பிள்ளைக்கு நல்லதல்ல என்று குழு கருதினால்தான் தடை. அம்மாவைப் பார்த்துவிட்டு அழாமல் வரும் பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சந்திப்பை நிறுத்துவதற்குப் பதில் அதன் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். எங்கே நடக்கிறது? உங்கள் வீட்டு ஹாலில் என்றால் மாற்றுங்கள்; மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா உங்கள் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க, அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பாள்? பாதுகாப்பு அலகு அலுவலகத்தில், மாதத்தின் அதே சனிக்கிழமை, அதே நேரம், ஒரு மணி நேரம் போதும். அம்மா வராமல் போவதும் நடக்கும். எனவே அம்மா கிளம்பிவிட்டார் என்று அலுவலகம் உறுதி செய்த பிறகே பிள்ளையிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் “உன்னைச் சீக்கிரம் கூட்டிப் போயிடுவேன்” என்று தேதி சொல்ல வேண்டாம் என்று அலகின் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) பேசி வைக்கட்டும். மூன்று நாள் கலவரத்துக்குப் பாதிக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம்.

சந்திப்பு முடிந்த மாலைக்கு ஒரு வழக்கம் வையுங்கள். திரும்பும் வழியில் எதுவும் கேட்க வேண்டாம். வீட்டில் அன்று வீட்டுப் பாடம் இல்லை, விருந்தாளி இல்லை, அவளுக்குப் பிடித்த சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். உங்கள் வாயிலிருந்து அவள் அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாக வரக் கூடாது. “பெத்தவளுக்கே அக்கறை இல்லை” என்று மாமியார் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

உங்களை அவள் என்ன என்று கூப்பிடுகிறாள்? அம்மா என்று சொல்லச் சொல்லி வற்புறுத்தியிருந்தால் விட்டுவிடுங்கள். அவளுக்கு அம்மா இருக்கிறார். ‘சித்தி’யும் வேண்டாம், நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாடை இருக்கிறது. பெரியம்மா, அத்தை என்று அவளே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதேபோல இனிஷியல். பள்ளியில் சுலபம் என்று உங்கள் கணவரின் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். இது தத்து அல்ல. பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் அவளுடைய பெற்றோர் பெயர் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால், பின்னால் அவள் வீடு திரும்பும்போதோ சாதிச் சான்றிதழ் வாங்கும்போதோ அலைய வேண்டியிருக்கும். அவள் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும் கூடாது, பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம்.

உங்கள் கணவர் கன்னத்தில் அடித்ததற்கு வருகிறேன். வளர்ப்புக் குடும்பம் கொடுக்கும் உறுதிமொழிக்கு, படிவம் 33-க்கு, அது முரண். பொறுப்பில் உள்ளவர் பிள்ளையைத் தாக்குவது அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். பயமுறுத்த எழுதவில்லை. இதைப் பிள்ளை சொல்லியோ பக்கத்து வீட்டார் சொல்லியோ அதிகாரிக்குத் தெரிவதற்கும், நீங்களே போன் செய்து “இப்படி நடந்துவிட்டது, எங்களுக்கு உதவி தேவை” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் பிள்ளையை உடனே எடுத்துவிட வாய்ப்பு அதிகம். பின்னதிலும் விசாரிப்பார்கள், கட்டாயம் விசாரிக்கத்தான் வேண்டும்; ஆனால் பேச இடம் இருக்கும். உங்கள் கணவர் அவளிடம் ஒரு முறை, சுருக்கமாக, காரணம் சேர்க்காமல் சொல்லட்டும்: “நான் அடிச்சது தப்பு. இனி அடிக்க மாட்டேன்.” அதற்கு முன் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘ஹோமுக்கு அனுப்பிடுவேன்’ என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, மாமியார் உட்பட. நம் வீட்டுப் பிள்ளையிடம் “பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்” என்றால் அதற்குத் தெரியும், கொடுக்க மாட்டார்கள் என்று. இவளை உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்கள், நான்கு முறை. மாமியாருக்கு நீங்கள் சொல்லிப் புரியாது. அடுத்த ஆய்வுக்கு அதிகாரி வரும்போது அவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். கூடவே அவருக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள், பள்ளி விட்டு வந்ததும் தலை வாரிப் பின்னிவிடுவது மாதிரி. உங்கள் மகனையும் மறக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் அவனோடு மட்டும் வெளியே போங்கள். அவனுடைய அலமாரிக்குப் பூட்டுப் போட அனுமதியுங்கள்.

இனி, நீங்களும் கணவரும் ஏழு நாள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, ஒருவரை ஒருவர் கேட்காமல், அன்று நடந்த தொந்தரவுகளைத் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள்: பொய் ஒன்று, கத்தல் இரண்டு, சொன்னதைக் கேட்காதது மூன்று என்று. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் சான் டியாகோவில் 246 பிள்ளைகளின் வளர்ப்புக் குடும்பங்களிடம் இதே போன்ற எண்ணிக்கையைக் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு நாளுக்கு ஆறு வரை பெரும்பாலான வளர்ப்புப் பெற்றோர் சமாளித்தார்கள். ஆறைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும், பராமரிப்பு முறியும் அபாயம் 17 சதவீதம் கூடியது. ஆறு என்பது வேத வாக்கு அல்ல, நம் கூட்டுக் குடும்பத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் எண்ணியதும் இரண்டு விஷயம் தெரியும். ‘எப்போதும்’ என்று தோன்றியது பெரும்பாலும் மாலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் நடப்பதாக இருக்கும். உங்கள் எண் நான்காகவும் கணவரின் எண் ஒன்பதாகவும் இருந்தால், உதவி முதலில் யாருக்குத் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

அந்தத் தாளோடு, பாதுகாப்பு அலகில் நிறுவனம் சாராப் பராமரிப்புக்கான (இல்லங்களில் அல்லாமல் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கான) பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பாருங்கள். குழு மாதம் ஒரு முறை வளர்ப்புக் குடும்பத்தை ஆய்வு செய்ய வேண்டும், படிவம் 35 அதற்குத்தான். ஐந்து மாதத்தில் எத்தனை முறை வந்தார்கள்? வரவில்லை என்றால் வரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வந்தபோது “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்று காப்பி கொடுத்து அனுப்பியிருந்தால், அது உங்கள் பக்கத்துத் தவறு. கேட்க வேண்டியவை: ஆற்றுப்படுத்துநருடன் பிள்ளைக்கு வாரம் ஒரு அமர்வு, உங்கள் இருவருக்கும் மாதம் ஒன்று, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை, மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை நிலுவை இருந்தால் அதன் விவரம். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம்.

ஆணையில், படிவம் 32-இல், முடியும் தேதியையும் பாருங்கள். குறுகிய காலப் பராமரிப்பு ஓராண்டுக்கு மேல் போகாது; நீட்டிக்க வேண்டுமென்றால் குழு பொருத்தத்தைப் பார்த்து முடிவு செய்யும். தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட வேண்டும். தேதி தாண்டிய பின் அவசரமாக எடுக்கும் முடிவுகளில் பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் கழித்தும் முடியவில்லை என்றால், அல்லது நாளையே உங்கள் மகனுக்கோ அவளுக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், மாற்றத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்களாகக் கொண்டுபோய் இல்லத்து வாசலில் விட முடியாது. குழுதான் ஆணையை மாற்ற முடியும். குழுவின் முடிவு தவறென்று நினைத்தால் முப்பது நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு விஷயத்தில் அது குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, பல வக்கீல்களே இதில் தடுமாறுகிறார்கள்.

மாற்றம் உறுதி என்றால் இரண்டு வாரமாவது அவகாசம் கேளுங்கள். புதிய இடத்தை அவள் இரண்டு முறை போய்ப் பார்த்துவரட்டும், ஒரு முறையாவது உங்களோடு. பள்ளித் தேர்வு நடுவில் வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. துணிகளை ஜவுளிக்கடைப் பையில் அடைக்காமல் ஒரு நல்ல பெட்டியில் அடுக்குங்கள். உங்கள் வீட்டில் எடுத்த போட்டோக்களின் பிரதி, மருந்துச் சீட்டுகள், அவளுடைய டப்பா எல்லாம் அதில் போகட்டும். புதியவர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவாள், எந்தச் சத்தத்துக்குப் பயம், தலைக்கு எண்ணெய் வைக்க யாரை விடுவாள், கோபம் வந்தால் எத்தனை நிமிடம் தனியே விட வேண்டும். அவளிடம் காரணத்தைச் சொல்லும்போது “நீ இப்படிச் செஞ்சதால” என்று ஆரம்பிக்காதீர்கள். போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்வதாகச் சொன்னால், செய்யுங்கள்.

அதெல்லாம் மூன்று மாதம் கழித்து. திங்கட்கிழமை முதல் வேலை, தம்பிக்கான மனு. அதை எழுதுமுன் அவளிடம் சொல்லிவிடுங்கள், “தம்பிகிட்ட போன்ல பேச முடியுமான்னு கேட்டு எழுதப் போறேன், கிடைக்குமான்னு தெரியாது” என்று. மனுவின் கீழே அவளும் ஏதாவது எழுத விரும்பினால் இடம் விடுங்கள். பிள்ளையின் விருப்பத்தைக் குழு கேட்க வேண்டும். அவள் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தால் உங்கள் ஒரு பக்கத்தைவிட அதைத்தான் முதலில் படிப்பார்கள்.